வாயில்லா உயிர்களிடம் பட்ட கடன்

இந்தியாவில் ஓர் உதட்டுச் சாயத்தையோ ஷாம்பூவையோ விலங்குகள்மீது சோதித்துப் பார்ப்பது 2014ஆம் ஆண்டு முதல் சட்டவிரோதம். அவ்வாறு சோதிக்கப்பட்ட அழகுசாதனப் பொருள்களை இறக்குமதி செய்யவும் அதே ஆண்டில் தடை வந்தது. ஆனால், ரத்த அழுத்தத்துக்கான ஒரு புதிய மருந்து மனிதர்களிடம் வந்துசேர்வதற்கு முன்பு, பெரும்பாலும் எலிகளின் உடலையும் நாய்களின் உடலையும் கடந்தே வருகிறது. முயலுக்கு வலி ஒன்றுதான். சட்டம் அதை ஓரிடத்தில் குற்றம் என்கிறது, மற்றோரிடத்தில் அனுமதிக்கிறது. இந்தக் கோடு எதற்காகப் போடப்பட்டது, அது நியாயமானதுதானா என்பதை மருந்து உட்கொள்ளும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அழகுசாதனப் பொருள்களின் வழக்கு எளிமையானது. 1944இல் அமெரிக்க நச்சியலர் ஜான் டிரெய்ஸ் வகுத்த முறைப்படி, முயலின் ஒரு கண்ணில் சோதனைப் பொருளை இட்டு, மறு கண்ணோடு ஒப்பிட்டு, சிவப்பும் வீக்கமும் புண்ணும் எவ்வளவு என்று நாள்கணக்கில் குறித்துவைப்பார்கள். புதிய சாயம் ஒன்று சந்தைக்கு வராவிட்டால் எவருடைய உயிரும் போகப்போவதில்லை. பாதுகாப்பானவை என்று நெடுங்காலமாக அறியப்பட்ட மூலப்பொருள்களும் ஏராளம். எனவே, முயலின் வலிக்கு ஈடாகச் சொல்வதற்கு நம்மிடம் தக்க காரணம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் படிப்படியாகத் தடைகளை விதித்து, 2013இல் விற்பனைத் தடையையும் முழுமையாக்கியது. மனிதக் கண்ணின் மேற்பரப்பை ஒத்த திசுக்களை ஆய்வகத்தில் வளர்த்துச் சோதிக்கும் முறைகள் இன்று சர்வதேச அங்கீகாரம் பெற்றுவிட்டன.

மருந்தின் வழக்கு இவ்வளவு எளிதன்று. 1937இல் அமெரிக்காவில் ‘எலிக்சிர் சல்ஃபானிலமைடு’ என்ற திரவ மருந்து விற்பனைக்கு வந்தது. தொற்றுநோய்களுக்கு நல்ல பலன் தந்துகொண்டிருந்த சல்ஃபானிலமைடைக் கரைப்பதற்கு, தயாரிப்பாளர்கள் டைஎத்திலீன் கிளைக்காலைச் சேர்த்திருந்தார்கள். சுவை, மணம், தோற்றம் எல்லாம் சரிபார்க்கப்பட்டன, நச்சுத்தன்மை பார்க்கப்படவில்லை. சிறுநீரகம் செயலிழந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். பாதுகாப்பை நிரூபித்த பிறகே புதிய மருந்தை விற்கலாம் என்ற அமெரிக்கச் சட்டம் அடுத்த ஆண்டே வந்தது. மருந்துகளை முதலில் விலங்குகளிடம் சோதிக்கும் நடைமுறை இந்தச் சாவுகளுக்குப் பிறகே உறுதிப்பட்டது.

கொன்றது மருந்தா, கரைப்பானா என்பதையும் விலங்குகள்தான் காட்டிக்கொடுத்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த அந்த ஆய்வில் பங்கேற்ற மாணவி பிரான்சஸ் கெல்சி. பின்னாளில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் அதிகாரியாகச் சேர்ந்த அவர், சான்றுகள் போதவில்லை என்று சொல்லி, தாலிடோமைடு மருந்துக்கு அனுமதி தர மறுத்தார். மேற்கு ஜெர்மனியில் 1957இல் விற்பனைக்கு வந்த அந்த மருந்தால் பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை, கால் வளர்ச்சி குன்றிப் பிறந்தன. கருவுற்ற விலங்குகளிடம் அதை முன்கூட்டியே முறையாகச் சோதித்திருக்கவில்லை. பிற்பாடு சோதித்தபோது, எலிகளிடம் பாதிப்பு எளிதில் வெளிப்படவில்லை. சில வகை முயல்களிடமும் குரங்குகளிடமும் தெளிவாக வெளிப்பட்டது.

விலங்குச் சோதனையின் பலமும் பலவீனமும் இந்த ஒரே நிகழ்வில் அடங்கியிருக்கின்றன. பலவீனம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2006இல் லண்டனில் நடந்த ஒரு மருத்துவப் பரிசோதனை காட்டியது. டிஜிஎன்1412 என்ற புதிய மருந்து, விலங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் 500இல் ஒரு பங்கு மட்டுமே ஆறு இளைஞர்களுக்குச் செலுத்தப்பட்டது. சில மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் உடலுறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. தீவிர சிகிச்சையால் உயிர் பிழைத்தார்கள். குரங்கின் நோய் எதிர்ப்பு அணுக்கள் காட்டாத எதிர்வினையை மனித அணுக்கள் காட்டிவிட்டன.

ஒரு விலங்கு நம்மை ஒத்திருக்கிறது என்பதால்தான் அதைச் சோதனைக்குத் தேர்கிறோம். நம்மை ஒத்திருந்தால் அதற்கும் நம்மைப் போலவே வலிக்கும், அஞ்சும். ஒத்திருக்கவில்லை என்றால் சோதனையின் முடிவு நமக்கு முழுவதும் பயன்படாது. இந்த முடிச்சை அவிழ்க்க எந்தத் தத்துவத்தாலும் இன்றுவரை இயலவில்லை என்பதே என் கருத்து. ஆனால், முடிச்சு இருக்கிறது என்று ஒப்புக்கொள்பவரும் ஒப்புக்கொள்ளாதவரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள மாட்டார்கள்.

இதில் இந்தியாவுக்கு நேரடியான பங்கு உண்டு. 1950களில் போலியோ தடுப்பூசிக்கான வைரஸ், குரங்கின் சிறுநீரக அணுக்களில் வளர்க்கப்பட்டது. அதற்காக வட இந்தியாவின் செம்முகக் குரங்குகள் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டு, கூண்டுகளில் அடைக்கப்பட்டு, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பப்பட்டன. 1978இல்தான் இந்திய அரசு இந்த ஏற்றுமதியை முற்றிலும் நிறுத்தியது. 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றளிக்கப்பட்டபோது, அந்தக் குரங்குகளை எவரும் நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை. ஊன்றுகோலின்றி ஓடியாடும் நம் பிள்ளைகளின் கால்களில் அவற்றின் உயிரும் கலந்திருக்கிறது.

அந்தக் குரங்குகளைப் பயன்படுத்தியிருக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே வேளையில், அது இலவசமாகக் கிடைத்தது என்று எண்ணுவதும் அறமன்று. அதை ஒரு கடன் என்று கருதுவதே பொருத்தம். வாங்கிய அறிவைக் கொண்டு, அடுத்த முறை அதே துன்பம் தேவைப்படாத நிலையை உண்டாக்குவதுதான் அந்தக் கடனை அடைக்கும் வழி. அது நடக்கக்கூடியதே என்பதற்கும் சான்று உண்டு. 1962இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து ‘வெரோ’ என்ற அணு வரிசையை உருவாக்கினார்கள். ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் அந்த அணுக்களில்தான் இன்று போலியோ தடுப்பூசி முதல் கோவேக்சின் வரை பல தடுப்பூசிகளுக்கான வைரஸ்கள் வளர்க்கப்படுகின்றன.

இந்தச் சிந்தனையை 1959இலேயே இரண்டு பிரிட்டிஷ் அறிவியலர்கள் நெறியாக வகுத்துவிட்டார்கள். விலங்குக்கு மாற்று இருந்தால் அதையே பயன்படுத்துவது, எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைத் தணிப்பது என்பவை ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்த மூன்று விதிகள். அதற்கு அடுத்த ஆண்டு இந்தியா விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அதற்கு வித்திட்டவர், மதுரையில் பிறந்து கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே அரசு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சட்டம் பரிசோதனையைத் தடைசெய்யவில்லை. இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்றும், வெறுமனே கைத்திறன் பழகுவதற்காக நடத்தக் கூடாது என்றும் சொன்னது. அதைக் கண்காணிக்க அமைந்த குழு, சோதனை முடிந்த விலங்குகளுக்கு மறுவாழ்வு அளிக்க வேண்டும் என்பதை நான்காவது விதியாகச் சேர்த்துக்கொண்டது.

இன்று மாற்றுவழிகள் பெருகிவருகின்றன. மனித அணுக்களை ஒரு சிறு சில்லில் வளர்த்து நுரையீரல், கல்லீரல் போன்றவற்றின் செயலைப் போலச்செய்யும் முறையும் கணினி மாதிரிகளும் அவற்றில் சில. புதிய மருந்துக்கு இத்தகைய சான்றுகளையும் ஏற்கலாம் என்று அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தியது. இந்தியா 2023இல் தன் விதிகளைத் திருத்தியது. ஆனால், கர்ப்பம், மூளை, நீண்டகாலப் பக்கவிளைவு என்று முழு உடலையும் பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு சில்லு இன்னும் போதாது. நாளையே விலங்குச் சோதனைகளை நிறுத்திவிடலாம் என்பவர்கள், முதல் ஊசியை யார் போட்டுக்கொள்வது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மருந்துச் சோதனைக்கு உடன்பட வைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் ஏழைகளாகவே இருப்பார்கள் என்பது நாம் அறியாததல்ல.

விலங்குகளிடம் பட்ட கடனை மறப்பது எவ்வளவு கொடியது என்பதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. டைஎத்திலீன் கிளைக்கால் நஞ்சு என்பது 1937 முதல் உலகுக்குத் தெரியும். அதைக் கண்டறிய இன்று ஓர் எலிகூடத் தேவையில்லை. சாதாரண வேதியியல் ஆய்வகம் போதும். இருந்தும், 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் இருந்தது அதே நஞ்சு. மனித உயிர்களும் விலங்குகளின் உயிர்களும் கொடுத்துப் பெற்ற அறிவு, ஒரு தொழிற்கூடத்தின் அலட்சியத்தாலும் ஒழுங்கான ஆய்வு நடக்காததாலும் வீணாயிற்று.

ஆகவே, ‘விலங்குச் சோதனை வேண்டுமா, வேண்டாமா’ என்ற பட்டிமன்றத்தைக் கடந்து, கேட்க வேண்டிய சில கேள்விகள் உள்ளன. பிரிட்டன், எத்தனை விலங்குகள் எந்த அளவு துன்பத்துக்கு உள்ளாயின என்பதை வகைபிரித்து ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நம் நாட்டிலும் மக்கள் எளிதில் படிக்கும்படி அத்தகைய கணக்கு வெளிவர வேண்டும். தோல்வியடைந்த சோதனைகளின் முடிவுகளும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். இல்லையென்றால் அதே தோல்விக்காக வேறோர் ஆய்வகத்தில் வேறு விலங்குகள் சாகும். மாற்று இல்லை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு, சோதனை செய்ய விரும்புபவரையே சாரவேண்டும்.

வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரின் மரபு நம்முடையது. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டே, நமக்காக ஆய்வகங்களில் சாகும் உயிர்களின் எண்ணிக்கையைக் கேட்கவும் மறந்திருக்கிறோம். அந்த எண்ணிக்கையைக் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.