கேம் பெட்டி: கடையில் வாங்கி வைக்கலாமா?

போன மாதம் ஒரு நாள் மதியம், திருமங்கலம் பக்கத்திலிருந்து வாடிக்கையாக வரும் மளிகைக் கடைத் தம்பி ஒருவர், சரக்குச் சீட்டின் கடைசியில் "கேம் பெட்டி 20" என்று எழுதி நீட்டினார். "லீவு வருகிறது அண்ணாச்சி, பிள்ளைகள் வந்து வந்து கேட்கிறார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் நாலு நாளில் போய்விடும்" என்றார். நான் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. அவரிடம் சொன்னதை நம் சங்கத்து நண்பர்களுக்கும் சொல்வது நல்லது என்று தோன்றியது.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். உள்ளங்கை அகலம், 3 அங்குலத் திரை, "400 ஆட்டங்கள்" என்று அட்டையில் அச்சு. இவ்வளவு மலிவாக எப்படி வருகிறது? ஜப்பானில் நின்டென்டோ கம்பெனி 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டி.வி. விளையாட்டுக் கருவி ஒன்று உண்டு. அதன் வேலை முழுவதையும் பிற்காலத்தில் ஒரே சில்லுக்குள் அடக்கிவிட்டார்கள். பெட்டியைத் திறந்தால் பலகை நடுவில் கருப்புப் பிசின் பொட்டு ஒன்று தெரியும், கருவியே அதுதான். ஆட்டங்களுக்கும் அதிக இடம் வேண்டியதில்லை. 1985இல் வந்த சூப்பர் மாரியோ ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்தான். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரிது. ஆகவே 400 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். பேரனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்; ஒரே ஆட்டம் வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தது. நிறுத்திவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான் ஆட வேண்டும். இருந்தாலும் பிள்ளை ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆட்டத்தில் குறையில்லை.

குறை பெட்டியில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்காக நான் 100 பெட்டிகள் எடுத்தேன். அடக்க விலை 210 ரூபாய். சில்லறைக் கடைகளுக்கு 240க்குக் கொடுத்தேன். அவர்கள் 350க்கு விற்றார்கள். பொங்கலுக்குள் 31 திரும்பி வந்தன. ஒன்றில் பொத்தான் அமுங்கினால் எழவில்லை, ஒன்றில் திரையில் கோடு, பலவற்றில் சார்ஜ் ஏறவில்லை. இரண்டில் பேட்டரி உப்பிப் பின்மூடியே கழன்றிருந்தது. அந்த இரண்டைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சிறு பிள்ளை கையில் இருந்த பொருள் அல்லவா? அனுப்பியவரிடம் கேட்டால் "இந்தச் சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று ஒரே பேச்சு. என் கையில் இருந்தது துண்டுச் சீட்டு. பில் கேட்டு வாங்காதது என் தவறு, வேறு யாரையும் சொல்ல முடியாது. 31க்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். 3,000 ரூபாய் லாபம் வர வேண்டிய இடத்தில் 4,440 ரூபாய் நஷ்டம், லாரி வாடகை தனி.

என் நஷ்டம் பெரிதில்லை. சில்லறை வியாபாரி கணக்கைப் பாருங்கள். 240க்கு வாங்கி 350க்கு விற்றால் ஒன்றுக்கு 110 ரூபாய் கிடைக்கிறது. அரிசி மூட்டையில் இப்படி எங்கே கிடைக்கும் என்று மனம் அலைபாயும். 10 பெட்டி எடுத்தால் முதல் 2,400. இரண்டு திரும்பினால் மிஞ்சுவது 400. மூன்று திரும்பினால் 50. நான்கு திரும்பினால் கைக்காசில் 300 போகும். பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வாக்குவாதம் செய்தாலோ இன்னும் மோசம். என்னிடம் வாங்கிய கடைக்காரர் ஒருவர் அப்படித்தான் 350 ரூபாய்க்காக மல்லுக்கு நின்றார். அந்த வீட்டார் மாதம் 6,000 ரூபாய்க்கு மளிகை எடுப்பவர்கள். அடுத்த மாதம் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள், இன்றுவரை திரும்பவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தல்.

இனி சட்டத்துக்கு வருவோம். வீடியோ கேம் கருவிகள் 2012ஆம் ஆண்டு ஆணைப்படி, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டிய பொருள்களின் பட்டியலில் வந்தன. பதிவான பொருளில் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டும். எண் இல்லாத சரக்கை இறக்குமதி செய்தவர் மட்டுமல்ல, விற்பனைக்கு வைத்திருப்பவரும் மாட்டிக்கொள்வார். தர முத்திரை இல்லாத பொம்மைகள் மீது நடந்த சோதனையில் 18,600 பொம்மைகளைப் பறிமுதல் செய்ததாக 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அதில் பெரிய மால் கடைகளே தப்பவில்லை. அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை இவையும் வேண்டும். உற்பத்தியாளர் யாரென்றே தெரியாத பொருளால் தீங்கு நேர்ந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி விற்றவரே பதில் சொல்ல வேண்டிவரும். உள்ளே இருக்கும் ஆட்டங்களும் பெரும்பாலும் உரிமையாளர் அனுமதியில்லாமல் நகல் எடுத்தவையே. வரி விஷயத்தில் ஒன்று: இந்த வகைக் கருவிக்கு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பில் இல்லாமல் வாங்குவதில் அன்று இருந்த ஆசைக்கு அப்போதே பாதிக் காரணம் போய்விட்டது.

பேரப்பிள்ளைக்கு ஒன்று வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேறு. பதிவு எண் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். கடையிலேயே பத்து நிமிடம் ஆடி எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பாருங்கள். பலவற்றில் பழைய நோக்கியா போனில் வந்த பிஎல்-5சி அளவு பேட்டரிதான் இருக்கும். செத்துப்போனால் செல்போன் கடையில் வேறு நல்லதாக மாற்றலாம். இரவு முழுவதும் சார்ஜில் போட வேண்டாம். லேசாக உப்பினாலும் பேட்டரியைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள்.

கடைக்கு ஏதாவது வேண்டும் என்றால், கட்டைகள் மேலிருந்து விழும் பழைய பிரிக் கேம் இருக்கிறது. 9999 ஆட்டம் என்று அதிலும் புளுகுவார்கள், வேகத்தை மாற்றி மாற்றி எண்ணிய கணக்கு அது. ஆனால் சாதாரணப் பென்சில் செல் இரண்டில் ஓடும், சார்ஜ் தொல்லை கிடையாது. செல்லும் நம் கடையிலேயே விற்கும். அதிலும் தர முத்திரை பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

தம்பி கேட்டுவிட்டு 20 என்ற எண்ணை அடித்தார். முத்திரையுள்ள பிரிக் கேம் ஆறும், பென்சில் செல் ஒரு பெட்டியும் பில் போட்டு வாங்கிப் போனார். இரண்டு வாரம் கழித்துப் புளி எடுக்க வந்தபோது நான்கு விற்றிருந்தது. திரும்பி வந்தது எதுவும் இல்லை. "செல்தான் அண்ணாச்சி தீர்ந்துபோச்சு" என்றார்.