பெயர் தேடும் பேரப்பிள்ளைகள்

தன் மூதாதையர் யார், எந்த ஊரவர் என்று அறிய விரும்பாதவர் அரிது. நம்மில் பலருக்கு வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டாலே ஓரளவு விடை கிடைத்துவிடும். ஆனால் அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்கள் பலர் இக்கேள்விக்கான விடையை நீதிமன்றக் கட்டடங்களிலுள்ள பழைய புத்தகங்களில் தேட வேண்டியிருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தின் அடம்ஸ் கவுண்டி இதற்கு நல்ல சான்று.

கவுண்டி என்பது நமது மாவட்டம் போன்றதொரு நிர்வாகப் பிரிவு. காணி உறுதிகள், விவாகப் பதிவுகள், மரணசாசனங்கள் முதலியன அதன் தலைமையிடத்திலேயே பேணப்படும். அடம்ஸ் கவுண்டி 1799ஆம் ஆண்டு உருவானது. அப்போதைய சனாதிபதி ஜோன் அடம்ஸின் பெயரே அதற்கு இடப்பட்டது. மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாச்செஸ் நகரம் அதன் தலைமையிடம். 1798 வரை அப்பகுதியை ஸ்பெயின் ஆண்டதால், அக்காலத்து ஆவணங்களும் அங்கு உள்ளன.

பருத்திச் செய்கை அப்பகுதியைச் செல்வம் கொழிக்கச் செய்தது. வயலில் உழைத்தவர்களோ அடிமைகள். 1860இல் அக்கவுண்டியில் வாழ்ந்த பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேர் அடிமைகளே. 1850, 1860ஆம் ஆண்டுகளின் குடிசனமதிப்பில் அவர்களுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. எசமானின் பெயருக்குக் கீழ் ஒவ்வோர் அடிமையின் வயது, பால், நிறம் ஆகியவற்றை எழுதினார்கள், பெயரை எழுதவில்லை. 1865இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டின் குடிசனமதிப்பில்தான் அம்மக்கள் எல்லோரும் பெயரோடு பதியப்பட்டனர்.

எனவே வம்சாவளி தேடுவோர் தம்மிலிருந்து தொடங்கி 1870 வரை பின்னோக்கிச் செல்வர். அதற்கு அப்பால் வழி அடைபட்டுவிடுகிறது. அவ்விடத்தில் கைகொடுப்பவை எசமானர்களின் சொத்துக் கணக்குகளே. எசமான் இறந்தால், மாடு, கலப்பை, தளபாடங்களோடு அடிமைகளுக்கும் விலை குறித்துப் பட்டியல் எழுதினார்கள். அடிமையை விற்கும்போதும் காணிக்கு எழுதுவதைப் போல உறுதி எழுதினார்கள். எந்தச் சொத்து என்று அடையாளம் காட்ட வேண்டியிருந்ததால் அவற்றில் பெயரும் இடம்பெற்றது. அந்தப் பெயரையும் வயதையும் 1870ஆம் ஆண்டின் பதிவோடு ஒப்பிட்டுத் தம் முன்னோரை அடையாளம் காண இன்றைய பேரப்பிள்ளைகள் முயல்கின்றனர்.

அப்படியொரு விற்பனை 1788இல் நாச்செஸில் நடந்தது. தோமஸ் பொஸ்டர் என்ற தோட்டக்காரர் வாங்கியவர்களுள் அப்துர் ரஹ்மான் இப்ராஹீமா என்ற முஸ்லிம் இளைஞரும் ஒருவர். இன்றைய கினி நாட்டிலுள்ள பூட்டா ஜலோனின் ஆட்சியாளருக்கு மகன் அவர். குர்ஆனும் அறபு மொழியும் கற்றவர். போரில் சிறைப்பட்டு அடிமையாக விற்கப்பட்டார். இஸபெல்லா என்பவரை மணந்து ஒன்பது பிள்ளைகளுக்குத் தந்தையானார். 1826இல் அவர் அறபில் எழுதிய கடிதம் மொறோக்கோ வரை சென்றது. அதன் பயனாக, ஜோன் அடம்ஸின் மகனான சனாதிபதி ஜோன் குவின்சி அடம்ஸின் அரசு தலையிட, நாற்பது ஆண்டுகளின் பின் 1828இல் அவர் விடுதலை பெற்றார். மறு ஆண்டு மனைவியோடு லைபீரியா சென்றடைந்து, சில மாதங்களில் காலமானார். பிள்ளைகளுள் சிலரே பின்னர் அங்கு போய்ச் சேர்ந்தனர். மற்றவர்கள் மிசிசிப்பியில் அடிமைகளாகவே எஞ்சினர்.

வரலாற்றாசிரியர் டெரி அல்போர்ட் இத்தகைய பழைய ஆவணங்களை ஆராய்ந்து 1977இல் அவருடைய வரலாற்றை நூலாக வெளியிட்டார். அடிமையின் நினைவைக் காப்பதற்காக அந்த ஆவணங்களை யாரும் எழுதவில்லை. எசமானின் உரிமையைக் காப்பதற்காகவே எழுதினார்கள். ஆயினும் இன்று அவை அடிமைகளின் சந்ததியினருக்கே பெரிதும் பயன்படுகின்றன.

நம் வீட்டு அலுமாரியிலுள்ள பழைய உறுதியும் விவாகப் பதிவும் பிறப்புச் சான்றிதழும் வெறும் கடதாசிகள் அல்ல. மூத்தம்மாவின் பெயரையும், அவரது தாயின் பெயரையும், ஊரையும் கேட்டு இன்றே எழுதி வைப்போம். சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.