டிஜிட்டல் படம் ஏன் மழுங்கித் தெரிகிறது?

பிலிம் கேமராவில் பளிச்சென்று படம் தந்த அதே லென்ஸ், டிஜிட்டலில் மாட்டியதும் ஏன் சொதப்புகிறது? பல நேரம் குற்றவாளி லென்ஸ் அல்ல.

பிலிமில் வெள்ளி உப்புத் துகள்கள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். சென்சாரிலோ பிக்சல்கள் கோலப்புள்ளிகள் போல வரிசை தப்பாமல் நிற்கும். பட்டுப்புடவையின் நெருக்கமான இழைகளைப் படமெடுத்தால், இழை வரிசையும் பிக்சல் வரிசையும் மோதி, துணியில் இல்லாத அலைக்கோடுகள் தோன்றும். இதைத் தவிர்க்கவே பல கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் ஒரு மெல்லிய வடிகட்டி வைத்து, படத்தை வேண்டுமென்றே கொஞ்சம் மழுக்குகிறார்கள். (2012-இல் வந்த நிக்கான் டி800இ அந்த மழுக்கும் விளைவை நீக்கிவிட்டது.)

போதாததற்கு, ஒவ்வொரு பிக்சலும் ஒரே நிறத்தைத்தான் பதியும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் பாதிப் பிக்சல்கள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். மற்ற நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கேமரா ஊகிக்கிறது. அந்த ஊகத்தில் நுணுக்கம் கொஞ்சம் போய்விடும். அதற்குத்தான் ‘ஷார்ப்பனிங்’: விளிம்பின் இருண்ட பக்கத்தை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளுப்பாக்கும் கண்கட்டு வித்தை. அளவு மீறினால் விளிம்பைச் சுற்றி வெள்ளைக்கோடு விழும், பார்க்கச் சகிக்காது.

கை நடுங்கியதை மென்பொருள் முழுதாகச் சரிசெய்யாது. 50 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்பது பிலிம் காலத்துக் கணக்கு. பிலிமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 1/100 வையுங்கள். லென்ஸ் துளையையும் கவனியுங்கள்: எஃப்/22 வரை அதைச் சுருக்கினால் ஒளி வளைந்து பரவி எல்லாமே மங்கும். எஃப்/8 போதும்.