கழிவறை கதவை அறுத்து துடுப்பு செய்த கடற்படை வீரர்

பாய்மர படகில் தனியாக கடலில் போகிறவர் தூங்கினால் சுக்கானை யார் பிடிப்பது? அதற்காகவே படகின் பின்பக்கம் ஒரு காற்றுப் பலகை பொருத்துகிறார்கள். படகு வழி விலகினால் காற்று பக்கவாட்டில் மோதி பலகையைச் சாய்க்கும். அது தண்ணீரில் தொங்கும் துடுப்பைத் திருப்பும். ஓடும் தண்ணீர் துடுப்பைத் தள்ள, அதில் கட்டிய கயிறு சுக்கானை இழுத்து படகை நேராக்கி விடும். டீசல், பேட்டரி எதுவும் வேண்டாம். ஆனால் துடுப்பு உடைந்தால் தூக்கம் போச்சு!

2022-ல் தொடங்கிய, உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் இந்திய கடற்படை முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமிக்கு நடுக்கடலில் இதுதான் நடந்தது. வழியில் வெளியாட்கள் உதவி கூடாது என்பது விதி. மனிதர் அசரவில்லை. படகின் கழிவறை கதவையே அறுத்து துடுப்பாக்கி மாட்டினார். 236 நாள் பயணம் முடிந்து 2023 ஏப்ரல் 29-ந்தேதி பிரான்சில் கரை சேர்ந்தார். கிடைத்தது 2-வது இடம்.