ஒரே கேமராவை மூன்று முறை சேர்க்காதீர்கள்!

எங்கள் வீட்டு வாசலில் ஒரு வைஃபை கேமரா இருக்கிறது. கம்ப்யூட்டரில் உள்ள கண்காணிப்பு சாஃப்ட்வேரில் அதை மூன்று முறை சேர்த்திருந்தேன். 24 மணி நேரமும் பதிவு செய்ய ஒன்று, இரவில் யாராவது கேட்டருகே வந்தால் எச்சரிக்கை தர ஒன்று, மொபைலில் பார்க்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் செட்டிங்ஸ் வேறு என்பதால் இதுதான் சுலபம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் இரவு வாசலில் நின்ற அப்பாவின் சைக்கிள் காணாமல் போய்விட்டது. காலையில் பதிவை ஓட்டிப் பார்த்தேன். சைக்கிள் நிற்கிறது. படம் உறைந்து போகிறது. 40 விநாடி கழித்து வரும் படத்தில் சைக்கிள் இல்லை. எச்சரிக்கைப் பதிவிலும் அதே இடத்தில் ஓட்டை. "மூணு தடவை ஓடுதுன்னு சொன்னியேடா?" என்று கேட்டார் அப்பா. பதில் சொல்ல முடியவில்லை. சாஃப்ட்வேர் எழுதுவதுதான் எனக்குத் தொழில்!

தவறு என்னுடையதுதான். கேமரா ஒன்று என்றாலும், மூன்று முறை சேர்த்தால் அந்த சாஃப்ட்வேர் மூன்று இணைப்புகளைத் திறக்கும். கேமரா ஒரே படத்தை மூன்று முறை அனுப்ப வேண்டும். என் கேமராவின் பிட்ரேட் 4 எம்பிபிஎஸ். மூன்றும் சேர்ந்து 12 எம்பிபிஎஸ். இரண்டு சுவர்களைத் தாண்டி வரும் வைஃபை இதைத் தாங்கவில்லை. இணைப்பு அறுந்து, மறுபடி சேரும் வரை பதிவு கிடையாது.

ஹார்ட் டிஸ்க் கணக்கையும் பாருங்கள். 4 எம்பிபிஎஸ் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் 23 நாள் பதிவு நிற்கும். மூன்றையும் முழு நேரமும் பதிவு செய்தால் எட்டு நாள்கூட வராது. இது போக ஒவ்வொரு இணைப்பின் படத்தையும் சிபியு தனித்தனியாக விரித்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு என்ன வழி? கேமராவிடமிருந்து படத்தை ஒரே ஒரு முறை வாங்குங்கள். வாங்கியதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பங்கு போடுங்கள்.

விண்டோஸில் ஓடும் ப்ளூ ஐரிஸில் இதற்குப் பெயர் க்ளோன். புதிய கேமரா சேர்க்கும்போது ஏற்கெனவே உள்ள கேமராவிலிருந்து காப்பி செய்யும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். நெட்வொர்க் முகவரியை மாற்றாதீர்கள். இரண்டும் ஒரே ஸ்ட்ரீமைப் பகிர்ந்துகொள்ளும். அசைவைக் கண்டறியும் பகுதி, நேர அட்டவணை, எச்சரிக்கை ஆகியவற்றை மட்டும் தனித்தனியாக அமைக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள். க்ளோன் நெட்வொர்க் சுமையைத்தான் குறைக்கும். இரண்டிலும் பதிவை ஆன் செய்தால் டிஸ்க்கில் இரண்டு முறைதான் எழுதும். ஆகவே ஒன்றில் பதிவை நிறுத்திவிடுங்கள். மொபைலில் பார்ப்பதற்குத் தனியாகச் சேர்க்கவே வேண்டியதில்லை. அதன் வெப் சர்வரே படத்தைத் தந்துவிடும்.

இலவச சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்பவர்கள், லினக்ஸ் பழக்கம் இருந்தால், ஃப்ரிகேட்டைப் பார்க்கலாம். அதனுள் கோ2ஆர்டிசி என்ற பகுதி இருக்கிறது. கேமராவின் ஸ்ட்ரீமை அது ஒரு முறை வாங்கி, 8554 என்ற போர்ட்டில் மறுபடி வழங்கும். பதிவு, அசைவு கண்டறிதல் இரண்டுக்கும் கேமராவின் முகவரியைத் தராமல், 127.0.0.1 என்ற உள்முகவரியைக் கொடுத்தால் போதும். நான் இப்போது வைத்திருப்பது இதைத்தான்.

இனி சப் ஸ்ட்ரீம். என்னைக் கேட்டால் க்ளோனைவிட இதில்தான் லாபம் அதிகம். பெரும்பாலான ஐபி கேமராக்கள் பெரிய படம் ஒன்று, சிறிய படம் ஒன்று என இரண்டு ஸ்ட்ரீம்களைத் தருகின்றன. ஹிக்விஷன் கேமராக்களில் முகவரியின் கடைசியில் 101 என்றிருந்தால் மெயின், 102 என்றால் சப். டாஹுவாவில் சப்டைப் 0, சப்டைப் 1. பார்ப்பதற்கு இதுவும் டூப்ளிகேட் போலத் தெரியும். ஆனால் தேவையான டூப்ளிகேட். 1920க்கு 1080 அளவுள்ள படம் விநாடிக்கு 25 என்றால், சுமார் 5 கோடியே 18 லட்சம் பிக்ஸல்களை அலச வேண்டும். 640க்கு 360 அளவில் விநாடிக்கு 5 படம் போதும் என்று வைத்தால் 11.5 லட்சம்தான். 45ல் ஒரு பங்கு! ஆள் வந்தாரா என்று பார்க்க இது தாராளம். முகம் தெரிய வேண்டிய பதிவுக்கு மட்டும் மெயின் ஸ்ட்ரீமை, விரிக்காமல் வந்தபடியே டிஸ்க்கில் எழுதச் சொல்லுங்கள்.

அப்படி எழுதும்போது கேமராவின் செட்டிங்ஸில் ஐ-ஃப்ரேம் இடைவெளியையும் பாருங்கள். விநாடிக்கு 25 படம் என்றால் இதையும் 25 என்று வையுங்கள். 100 என்று விட்டால் முழுப்படம் நான்கு விநாடிக்கு ஒரு முறைதான் வரும். கிளிப்பின் தொடக்கம் விடுபட்டுப் போகலாம்.

மாற்றியபின் என் கேமராவிலிருந்து வருவது மெயின் 4, சப் அரை என மொத்தம் 4.5 எம்பிபிஎஸ். விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதிகம் குறையவில்லை என்றால், எங்கோ ஒரு பழைய இணைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிவிஆர் வழியாகவும் நேரடியாகவும் ஒரே கேமராவைச் சேர்த்திருக்கிறீர்களா என்று தேடுங்கள்.

கடைசியாக, ரௌட்டரில் கேமராவுக்கு நிலையான ஐபி எண்ணை ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்த பிறகு எண் மாறி, எல்லாம் ஒன்றாக நின்றுவிடும்.