வீட்டு விலை அறிதல்

நெல்லையும் பொன்னையும் விலை அறிந்து வாங்குதல் எளிது. ஒரு மூட்டை நெல்லைப் போன்றதே அவ்வினத்து மற்றொரு மூட்டை நெல்லும். ஆகலின், அன்றைய சந்தை விலை இரண்டற்கும் பொருந்தும். வீட்டின் இயல்பு அத்தகையதன்று. ஒரே தெருவில், ஒரே ஆண்டில், ஒரே கொத்தனாரால் கட்டப்பெற்ற இரண்டு வீடுகளும் விலையால் வேறுபடும். ஒன்றன் கூரை ஒழுகும். மற்றொன்று அண்மையிற் செப்பனிடப்பெற்றிருக்கும். மேலும், பெரும்பாலோர் வாழ்நாளில் ஓரிரு முறையே வீடு வாங்குவர். பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளும், இன்னும் பல்லாண்டு அடைக்கவேண்டிய கடனும் அதன்கண் அடங்கும். ஆதலின், அதன் விலையை அறிவதில் நேரும் பிழை ஒரு குடும்பத்தையே அல்லற்படுத்த வல்லது.

வீட்டு விலையைக் கணிக்கும் முறை அமெரிக்க நாட்டில் விரிவாக வளர்ந்துள்ளது. அங்கு வீட்டின்மீது கடன் கொடுக்கும் வங்கிகள் பெரும்பாலும் மதிப்பீட்டாளர் ஒருவரை அமர்த்துகின்றன. அவர் அவ்வீட்டைப் போன்றனவாய், அருகில் உள்ளனவாய், அண்மையில் விற்கப்பட்டனவாய் உள்ள மூன்று வீடுகளையேனும் தேர்ந்தெடுப்பர். பின்னர், வேற்றுமைகளுக்கு ஏற்ப அவற்றின் விலையைக் கூட்டியும் குறைத்தும் திருத்துவர்.

இம்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அண்டை வீடு ஒன்று 5,00,000 டாலருக்கு விற்றது என்று கொள்வோம். மதிப்பிட வேண்டிய வீட்டில் இல்லாத குளியலறை ஒன்று அதில் உண்டு. அதன் பெறுமானம் 20,000 டாலர். அதனைக் கழித்தால் 4,80,000 எஞ்சும். இரண்டாம் வீடு 4,60,000 டாலருக்கு விற்றது. ஆயின், அதன் கூரை பழுதுற்றிருந்தது. அதற்காக 15,000 டாலரைக் கூட்டினால் 4,75,000 ஆகும். மூன்றாம் வீட்டையும் இங்ஙனமே திருத்த, 4,78,000 கிடைக்கிறது என்க. மூன்று எண்களும் நெருங்கி நிற்றலின், மதிப்பீட்டாளர் துணிந்து ஒரு முடிவு கூறுவர். அவை ஒன்றற்கொன்று வெகுதொலைவில் நிற்குமாயின், ஒப்பீடு சரியில்லை என்று உணர்ந்து மீண்டும் ஆராய்வர்.

இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தது ஸில்லோ என்னும் அமெரிக்க நிறுவனம். 2006ஆம் ஆண்டு முதல் அது பல கோடி வீடுகளின் மதிப்பை இணையத்தில் வெளியிட்டு வருகின்றது. விற்பனைப் பதிவுகள், வரிப் பதிவுகள், வீட்டின் பரப்பு, அறைகளின் தொகை முதலியவற்றைக் கொண்டு கணிப்பொறி நொடிப்பொழுதில் ஓர் எண்ணைத் தருகின்றது. எவரும் பொருட்செலவின்றி அதனைக் காணலாம். இஃது ஒரு பெரு நன்மையே. எனினும், அவ்வெண் எத்துணை நம்பத்தக்கது?

விற்பனைக்கு வாராத வீடுகளில் அதன் இடைநிலைப் பிழை ஏறத்தாழ 7 விழுக்காடு என அந்நிறுவனமே அறிவித்துள்ளது. இடைநிலை என்பதன் பொருளை நன்கு உணர்தல் வேண்டும். பாதி வீடுகளில் பிழை அவ்வளவிற்குக் குறைவு. மற்றைப் பாதியில் அதனினும் மிகுதி என்பதே அதன் பொருள். 4,00,000 டாலர் பெறும் வீட்டில் 7 விழுக்காடு என்பது 28,000 டாலர் ஆகும். விற்பனைக்கு அறிவிக்கப்பட்ட வீடுகளிலோ, இடைநிலைப் பிழை ஏறத்தாழ 2 விழுக்காடே. இவ்வேறுபாட்டிற்குச் சிறந்த காரணம், உரிமையாளர் குறித்த விலையையும் கணிப்பொறி தன் கணக்கிற் சேர்த்துக்கொள்வதாகும். மனிதர் கண்டறிந்த விலையே அதன் துல்லியத்திற்குத் துணைசெய்கின்றது.

கணிப்பொறி பதிவில் உள்ளதை மட்டுமே அறியும். சுவரின் ஈரத்தையோ, அண்டைத் தொழிற்சாலையின் இரைச்சலையோ அது தானே சென்று அறிவதில்லை. பதிவுகளும் எங்கும் நிறைவாகக் கிடைப்பன அல்ல. டெக்சாஸ் மாநிலத்தில் விற்ற விலையை அரசிற்கு அறிவிக்க வேண்டும் என்னும் சட்டம் இல்லை. 2016ஆம் ஆண்டில் ஸில்லோவின் அன்றைய தலைவர் ஸ்பென்சர் ராஸ்காஃப், சியாட்டில் நகரிலிருந்த தம் வீட்டை 10,50,000 டாலருக்கு விற்றார். அவர்தம் நிறுவனத்தின் கணக்கோ அவ்வீட்டிற்கு ஏறத்தாழ 17,50,000 டாலர் எனக் காட்டியது.

இதனினும் பெரிய படிப்பினை பின்னர் வந்தது. 2018ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தானே வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு விற்கும் வாணிகத்தைத் தொடங்கியது. இத்தகைய வாணிகத்தில் மறைந்து நிற்கும் இடர் ஒன்று உண்டு. நிறுவனம் கூறும் விலை உண்மை மதிப்பிற்கு மேற்பட்டதாயின், உரிமையாளர் மகிழ்ந்து விற்பர். குறைந்ததாயின், விற்க மறுப்பர். ஆகவே, கூடுதலாக மதிப்பிட்ட வீடுகளே வாங்குவோர் கையில் மிகுதியாகச் சேரும். 2021ஆம் ஆண்டில், தான் வாங்கிய வீடுகள் பலவற்றை வாங்கிய விலைக்கு விற்க இயலாது என்று ஸில்லோ கண்டது. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அவ்வாணிகத்தை மூடப்போவதாக அறிவித்தது. வீடுகளின் மதிப்புக் குறைவால் நேர்ந்த இழப்பு முப்பது கோடி டாலருக்கு மேற்பட்டது. பணியாளருள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரை விலக்கவும் முடிவு செய்தது.

இதனால் கணிப்பொறியின் மதிப்பு பயனற்றது என்று முடிவு கட்டுதல் கூடாது. ஓர் ஊரின் விலை ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்பதையும், ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ எவ்வெல்லைக்குள் அமையும் என்பதையும் அறிய அது துணைபுரியும். ஆராய்ச்சியை அவ்வெண்ணிலிருந்து தொடங்கலாம். அதனோடு முடித்தல் ஆகாது. அதன் பிழையளவை அறிந்து, அண்மையில் விற்ற அண்டை வீடுகளின் உண்மை விலையை உசாவி, வேற்றுமைகளைக் கூட்டியும் கழித்தும் பார்த்து, இறுதியில் வீட்டினுட் சென்று கூரையையும் சுவரையும் கண்ணாற் கண்டு துணிபவர், தம் வாழ்நாட் பொருளைக் காத்துக்கொள்வர்.