கூட்டம் கேட்கும் மீன்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் டின்ஃபாயில் பார்ப் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்புவது கஷ்டம். விரல் நீளம்தான் இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளி. முதுகுத் துடுப்பு சிவப்பு, அதன் நுனியில் கறுப்பு. சிவந்த வாலின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கறுப்புக் கோடு. கூட்டம் சட்டென்று திரும்பும்போது தொட்டி முழுக்க ஒரு கணம் பளிச்சிட்டு அடங்கும். தோலில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் குவானின் படிகங்கள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் வரும் மினுமினுப்பு அது.

இந்தக் குஞ்சு ஓரடி மீனாக வளரும் என்பதை வாங்குகிற பலரும் அறிவதில்லை. மேகாங், சாவோ பிரயா ஆறுகளிலும், மலேசியா, சுமத்ரா, போர்னியோ ஆறுகளிலும் வாழும் கெண்டை இனம் இது. டச்சு ராணுவ மருத்துவர் பீட்டர் பிளீக்கர் 1850-களில் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். மலேசியாவில் லம்பாம் சுங்கை என்ற பெயரில் இது சமையல் மீன். 35 செ.மீ. வரை வளரக்கூடியது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 செ.மீ. குஞ்சு 30 செ.மீ. ஆனால் நீளம் ஆறு மடங்கு. உயரமும் பருமனும் அதே அளவில் கூடுவதால் எடை ஏறத்தாழ 216 மடங்கு! அது தின்பதும் கழிப்பதும் அதற்கேற்பக் கூடும்.

அப்படியானால் ஒன்றே ஒன்று வளர்த்தால் போதாதா? போதாது. தனியாக விடப்பட்ட டின்ஃபாயில் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். விளக்கைப் போட்டாலே மிரண்டு கண்ணாடியில் மோதும். அதன் உடலமைப்பே கூட்டத்தை நம்பி உருவானது. பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு, அண்டை மீன் வாலசைக்கும்போது நீரில் எழும் அதிர்வைக்கூட உணர்த்திவிடும். தேனீ நடனத்தை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், அதற்கு வெகுகாலம் முன்பே, 1938-இல், கெண்டைக்கு உறவான சின்னஞ்சிறு மின்னோ மீன்களைப் பற்றி ஒன்றை எழுதினார். காயம்பட்ட ஒரு மீன் கூட்டத்துக்குள் வந்ததும் மற்றவை பதறிச் சிதறுகின்றன. கிழிந்த தோலிலிருந்து கசியும் ஒரு வேதிப்பொருளே காரணம் என்று கண்டார். கெண்டை வகையறாவில் பரவலாக இருக்கும் எச்சரிக்கை மணி இது. அதனால் டின்ஃபாயில் தொட்டியில் வலை போடும்போது செதில் உரியாமல் பிடிப்பது முக்கியம். ஒரு மீனின் காயம் எல்லா மீன்களையும் மிரட்டும். ஐந்தாறாவது சேர்ந்திருந்தால்தான் இவை நடுத் தண்ணீருக்கு வந்து நிம்மதியாக நீந்தும்.

ஆறு பெரிய மீன்கள் என்றால் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டியாவது வேண்டும். அது கிட்டத்தட்ட 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. மாடி வீட்டுக்காரர்கள் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கெண்டைக் குடும்பத்துக்கு இரைப்பை கிடையாது. தாடையில் பல்லும் இல்லை. தொண்டைப் பற்கள் அரைத்ததும் இரை நேரே குடலுக்குப் போய்விடும். அதனால் எந்நேரமும் எதையாவது மேய்ந்துகொண்டே இருக்கும். தொட்டியில் செடி நட்டால் தின்றுவிடும். கப்பி, நியான் டெட்ரா போன்ற பொடி மீன்களையும் விழுங்கும். வேகவைத்த கீரையும் பட்டாணியும் பெல்லட் தீனியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை தருவது நல்லது.

தின்றதற்கு ஏற்ற கழிவு அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறும். மீனுக்கு அது நஞ்சு. ஃபில்டரின் பஞ்சிலும் பீங்கான் துண்டுகளிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தப் பாக்டீரியாக் கூட்டம் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விடுவது அதனால்தான் ஆபத்து. ஃபில்டர் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் பாக்டீரியாக்கள் செத்துவிடும். தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். மிஞ்சும் நைட்ரேட்டை வெளியேற்ற வாரந்தோறும் கால் பங்குத் தண்ணீரையாவது மாற்ற வேண்டும்.

இவ்வளவு பெரிய மீன்களுக்கு மின்வெட்டும் சோதனைதான். ஃபில்டர் நின்றதும் ஆக்ஸிஜன் மளமளவென்று குறையும்; மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். இவை துள்ளவும் செய்யும் என்பதால் கனமான மூடி கட்டாயம்.

வளர்ந்துவிட்டதே என்று ஏரியில் கொண்டுபோய் விடுவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. தொட்டியிலிருந்து வெளியேறிய டேங்க் கிளீனர் மீன்கள் இன்று தமிழக நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையில் நாட்டு மீனுக்குப் பதில் சிக்குகின்றன. கடையிலோ பெரிய தொட்டி உள்ளவரிடமோ ஒப்படைத்துவிடலாம்.

மூன்றடித் தொட்டிக்கு மேல் இடமில்லாதவர்கள் செர்ரி பார்ப் கேட்டு வாங்கலாம். இலங்கையின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய இந்தச் செந்நிறக் கெண்டை 5 செ.மீ.க்கு மேல் வளர்வது அரிது. அந்தத் தொட்டியில் ஒரு டஜன் தாராளமாக வாழும், செடிகளையும் விட்டுவைக்கும்.